தோற்ற வேட்பாளருக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுதலாமா? வட சென்னையிலிருந்து எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையிலிருந்து விக்கிப்பீடியாவில் எழுத வருகிற இளைஞர்களில் பலருக்கு முதல் ஆசை ஒன்றுதான்: தங்கள் பகுதியில் தேர்தலில் நின்ற ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும். அவர் வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்துகிறவராக இருக்கலாம். காசிமேட்டில் மீனவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவராக இருக்கலாம். எண்ணூரில் சாம்பல் கழிவுக்கு எதிராக மனுமேல் மனு போட்டவராக இருக்கலாம். நின்றார், தோற்றார். வென்றவருக்குப் பக்கம் இருக்கிறது, இவருக்கு இல்லை. உட்கார்ந்து எழுதினால், சில நாட்களில் நீக்கல் அறிவிப்பு வந்துவிடுகிறது. எழுதியவர் மனம் கசந்துபோய் அதன் பிறகு விக்கிப்பீடியாவின் பக்கமே திரும்புவதில்லை.

அப்படி ஒருவர் விலகிப்போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வட சென்னையைப் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டியது ஏராளமாக இருக்கிறது. எழுதுகிற கைகள்தான் குறைவு. எனவே முதல் கட்டுரையிலேயே அடிபடாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராகப் பதவி வகித்தவர்களுக்குப் பொதுவாகத் தனிக் கட்டுரை இருக்கலாம் என்கிறது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதல். தேர்தலில் நின்றது மட்டும் ஒருவருக்குத் தகுதியாகிவிடாது. உள்ளாட்சியில் வென்றதுகூட அதனாலேயே தகுதியாகிவிடாது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. 2022 பிப்ரவரித் தேர்தலில் வென்ற 200 பேருக்கும் அந்த வெற்றி தானாக ஒரு கட்டுரையைத் தந்துவிடவில்லை. அவர்களில் 74ஆவது வார்டில் வென்று மேயரான ஆர். பிரியாவின் நிலை வேறு. நாடு முழுவதும் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. நம்பத்தகுந்த வெளியீடுகள், அந்த மனிதரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை, அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா? கேள்வி இதுதான். எழுதியிருந்தால் அவர் வென்றாரா தோற்றாரா என்பது பொருட்டே இல்லை. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது என்றாலும், குறிப்பிடத்தக்கமை, அதாவது ஒருவர் தனிக் கட்டுரைக்குத் தகுதியானவரா என்ற பேச்சு எழும்போது தமிழிலும் அடிப்படை இதுவே.

முதல் படி: நீங்கள் யார் என்று சொல்லுங்கள்

அந்த வேட்பாளருக்காக நீங்கள் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்திருக்கலாம். அவர் உங்கள் மாமாவாக இருக்கலாம், கட்சித் தோழராக இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பயனர் பக்கத்தில் ஒரு வரியாவது அதைச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. அங்கே விருப்பத்துக்கு இடமில்லை. நெருங்கியவராக இருந்தால், கட்டுரையை நீங்களே தொடங்காமல், கிடைத்த ஆதாரங்களை ஆலமரத்தடியிலோ (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) தேர்தல் கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ வைத்து வேறொருவரை எழுதக் கேட்பது நல்லது. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நேரத்தில் வருகிற எந்தப் பக்கமும் பிரசாரமாகத்தான் பார்க்கப்படும், பெரும்பாலும் அது பிரசாரமாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: தேர்தலை எடுத்துவிட்டுப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு தாளை எடுத்து, வேட்பாளராக நின்றதைத் தவிர அந்த மனிதர் என்ன செய்தார் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் பொருளுள்ள நாலு வரி நின்றால் கட்டுரைக்கு வழி இருக்கிறது. "இந்தக் கட்சியின் இந்தப் பகுதிச் செயலாளர்" என்பதோடு பேனா நின்றுவிட்டால் வழி இல்லை.

நம் பகுதியிலிருந்தே எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து விடுதலைச் சிறுத்தைகள் கட்சி சார்பில் வே. வசந்தி தேவி நின்றார், தோற்றார். அந்தத் தேர்தலை அவர் வாழ்க்கையிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட்டாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர், கல்வி உரிமைக்காகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவர் என்ற வரிகள் அப்படியே நிற்கின்றன. அவரைப் பற்றிய கட்டுரையில் ஆர்.கே. நகர் ஒரு பத்தி. அவ்வளவு இடம்தான் அதற்கு உரியது.

2014 இல் வட சென்னை மக்களவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சிக்காக நின்று தோற்ற உ. வாசுகியும் இப்படித்தான். மாதர் சங்கத் தலைவராக அவர் செய்த வேலை பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. அவர் பாப்பா உமாநாத்தின் மகள் என்பதைக் கட்டுரையில் சொல்லலாம், ஆனால் அதைத் தகுதியாகக் காட்டக் கூடாது. பெற்றோரின் புகழ் பிள்ளைக்குக் கட்டுரை வாங்கித் தராது. அவரது சொந்தப் பணிதான் தர வேண்டும்.

முன்பு பதவியில் இருந்து பிறகு தோற்றவர்கள் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். 1989, 1991 தேர்தல்களில் வட சென்னையிலிருந்து மக்களவைக்குப் போன தா. பாண்டியன் 2009 இல் அதே தொகுதியில் டி.கே.எஸ். இளங்கோவனிடம் தோற்றார். ராயபுரத்தில் 1991 முதல் பலமுறை வென்று, பேரவைத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த டி. ஜெயக்குமார் 2021 இல் அங்கேயே தோற்றார். ஒருமுறை ஏற்பட்ட குறிப்பிடத்தக்கமை தோல்வியால் அழிவதில்லை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வைத் தொடங்கிவைத்த அண்ணாவே 1962 இல் காஞ்சிபுரத்தில் தோற்றவர்தான்.

தோல்வியாலேயே பெயர் பெற்றவரும் உண்டு. மேட்டூரைச் சேர்ந்த கே. பத்மராஜன் 1988 முதல் இருநூறு தடவைக்கு மேல் தேர்தல்களில் வேட்புமனு தாக்கல் செய்தவர்; "தேர்தல் மன்னன்" என்றே பத்திரிகைகள் அவரை அழைக்கின்றன. பல ஆண்டுகளாக, பல மொழிகளில், அவரையே மையமாக வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு தேர்தலில் நின்று தோற்றவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: ஆதாரம் தேடுங்கள்

எழுதும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். எது ஆதாரமாகும், எது ஆகாது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. சொத்து, கடன், வழக்கு, கல்வி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது வேட்பாளர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. ஒரு தகவலைச் சரிபார்க்க உதவலாம், குறிப்பிடத்தக்கமைக்கு உதவாது. அதிலுள்ள வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்பத்தினர் விவரங்களை ஒருபோதும் கட்டுரையில் ஏற்றாதீர்கள். முரசொலியோ தீக்கதிரோ ஜனசக்தியோ தங்கள் கட்சி வேட்பாளரைப் பற்றி எழுதியது தொடர்பற்ற ஆதாரம் ஆகாது. அதே தீக்கதிர் வேறு கட்சிக்காரர் ஒருவரின் பணியைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால், அதற்கு மதிப்பு உண்டு. தொகுதி வேட்பாளர் எல்லாரையும் வரிசையாக ஒரு பத்திக்கு ஒருவராக அறிமுகப்படுத்தும் செய்தி, பிரசார ஊர்வலச் செய்தி, பத்து நிமிடப் பேட்டி ஆகியவை எல்லாம் மெலிந்த ஆதாரங்கள். பத்து மெலிந்த ஆதாரங்களை அடுக்கினாலும் ஒரு நல்ல ஆதாரத்துக்கு ஈடாகாது.

நான் பின்பற்றும் அளவுகோல் இது. விதி என்று நினைக்க வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த மூன்று வெளியீடுகளாவது அவரையே மையமாக வைத்து எழுதியிருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு தேர்தல் காலத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை பலரை வடிகட்டிவிடும். கடுமையாகத் தோன்றினாலும் அது வேண்டும். ஏனென்றால் தேர்தல் காலச் செய்தி அந்த நாற்காலியைப் பற்றிய செய்தி. அதில் உட்கார வந்த மனிதரைப் பற்றியது என்று சொல்லிவிட முடியாது.

இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வட சென்னைக்கு இது மிகவும் பொருந்தும். பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்த தொழிற்சங்க வாழ்க்கையில் தேர்தலில் நின்று தோற்ற எத்தனையோ பேர் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை பழைய நாளிதழ்களிலும், சங்க வரலாற்று நூல்களிலும், நினைவு மலர்களிலும் கிடக்கின்றன. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் இதழ்ப் பிரிவுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போய்க் கேளுங்கள். அச்சில் உள்ள ஆதாரத்துக்கு இணைய இணைப்பு தேவையில்லை; இதழின் பெயர், தேதி, பக்க எண் போதும். சங்கமே வெளியிட்ட மலர் என்றால் அது தொடர்புடைய ஆதாரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். நம் ஊர்த் தேர்தலில் முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே சுயேச்சைகள் நிற்பது வழக்கம். 2024 இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். ஒருவரின் வாக்கு எண்ணிக்கையை, அதைவிட மோசமாக ஒருவரின் வழக்கை, இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டால் உயிரோடு இருக்கும் ஒரு மனிதருக்குச் செய்யும் தீங்கு அது. கட்சி, சின்னம், வயது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

நான்காம் படி: எங்கே எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

தனிக் கட்டுரை இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான வேட்பாளர்களுக்கு உரிய இடம் தொகுதிக் கட்டுரையும் தேர்தல் கட்டுரையும்தான். அங்கே அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வேட்பாளர் பெயர், கட்சி, பெற்ற வாக்கு, விழுக்காடு எல்லாம் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் முதல் பொதுத்தேர்தல் தொட்டுக் கிடைக்கின்றன. வென்றவர் பெயரையும் இரண்டாம் இடத்தையும் மட்டும் போட்டு நிறுத்திவிடும் அட்டவணைகளை நீங்கள் நிரப்பலாம். புதியவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதை யாரும் நீக்கவும் மாட்டார்கள்.

ஒரு நல்ல தேர்தல் கட்டுரை எத்தனை பேருக்கு இடம் தரும் என்பதற்கு 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் போதும். ஜெயலலிதா மறைவால் வந்த அந்தத் தேர்தல் முதலில் ஏப்ரல் 12 அன்று நடப்பதாக இருந்தது. பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்று மறுபடி நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகள் பெற்று, 40,707 வாக்கு வேறுபாட்டில் வென்றார். இரண்டாம் இடம் அ.தி.மு.க.வின் இ. மதுசூதனன். 1991 இல் இதே தொகுதியில் வென்று கைத்தறித் துறை அமைச்சரானவர். தனிக் கட்டுரைக்கு அது போதும். தி.மு.க. வேட்பாளர் வைப்புத்தொகையை இழந்தார். பா.ஜ.க. வேட்பாளருக்கு நோட்டாவைவிடக் குறைவாக வாக்கு கிடைத்தது. நடிகர் விஷாலின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் வேட்பாளராகவே ஆகவில்லை, ஆனாலும் திரைத்துறையால் அவருக்கு ஏற்கெனவே கட்டுரைக்கு இடம் உண்டு. ஒரே தேர்தலில் இத்தனை வகையினர். எல்லாருடைய கதையும் அந்த ஒரு தேர்தல் கட்டுரையில் அமைதியாகச் சேர்ந்து இருக்க முடியும். அவர்களில் தேர்தலுக்கு வெளியேயும் வாழ்க்கை பதிவானவர்களுக்கு மட்டும் அங்கிருந்து தனிக் கட்டுரைக்கு இணைப்பு போகும்.

ஒரே நிகழ்வால் மட்டும் செய்தியில் வந்தவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். 2016 இல் ஆர்.கே. நகரில் ஒரு திருநங்கை நாம் தமிழர் கட்சி சார்பில் நின்றார். பல நாளிதழ்கள் அதை எழுதின. அது பதிவாக வேண்டிய வரலாறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேர்தல் கட்டுரையில் ஆதாரத்தோடு ஒரு பத்தி எழுதுங்கள், திருநர் அரசியல் பங்கேற்பு பற்றிய கட்டுரையிலும் சேருங்கள். தனிப்பக்கம் தொடங்கினால் அவரது மற்ற வாழ்க்கையைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்காமல், கட்டுரை அந்த மனிதரை ஓர் அடையாளமாகச் சுருக்கிவிடும்.

வேட்பாளரின் பெயரைத் தேடுகிறவர் தேர்தல் கட்டுரைக்கு வந்து சேர ஒரு வழிமாற்று அமைக்கலாம். அவர் நாளை எம்.எல்.ஏ. ஆனால் அந்த வழிமாற்றையே கட்டுரையாக மாற்றிக்கொள்ளலாம். 2014 இல் வட சென்னையில் தோற்ற தி.மு.க. வேட்பாளர் இரா. கிரிராஜன் 2022 இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

தொகுதி எல்லையைச் சரிபார்க்காமல் எழுதிவிடாதீர்கள். இன்றைய வட சென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. நாம் பேச்சில் வட சென்னை என்று சேர்த்துக்கொள்ளும் துறைமுகம் மத்திய சென்னையிலும், மாதவரம் திருவள்ளூரிலும் வருகின்றன. கொளத்தூருக்கும் திரு.வி.க. நகருக்கும் 2011 தான் முதல் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய வேட்பாளர் எவரையும் அந்தத் தொகுதிகளில் எழுத முடியாது.

ஐந்தாம் படி: மணல்தொட்டியில் எழுதுங்கள்

ஆதாரம் தேறிவிட்டதா? உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பார்ப்பதற்கான உங்கள் சொந்தப் பக்கத்தில், வரைவைத் தொடங்குங்கள். முதல் வாக்கியம் அவர் எதனால் அறியப்படுகிறாரோ அதைச் சொல்லட்டும். "இன்னார் ஒரு தொழிற்சங்கத் தலைவர்" என்று தொடங்குகிற கட்டுரை நிற்கும். "இன்னார் 2021 தேர்தலில் போட்டியிட்ட வேட்பாளர்" என்று தொடங்குவது தன் பலவீனத்தைத் தானே காட்டிவிடும்.

"மக்கள் பணியில் தன்னை அர்ப்பணித்த", "ஏழைகளின் தோழர்", "எழுச்சி நாயகர்" போன்ற சுவரொட்டி மொழியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அவர் எந்த ஆண்டில், எந்தப் பகுதியில், என்ன செய்தார், அதை யார் பதிவு செய்தார்கள் என்று எழுதினால் படிப்பவருக்கே மதிப்பு புரியும். "மயிரிழையில் வெற்றியைத் தவறவிட்டார்" என்பதற்குப் பதிலாக வாக்கு வேறுபாட்டை எழுதுங்கள். வைப்புத்தொகை இழந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் போய்விடும் தொகை அது, அவமானம் ஒன்றும் இல்லை. வழக்குகளைப் பற்றி எழுதுவதானால் நம்பத்தகுந்த பத்திரிகைச் செய்தி இருந்தால் மட்டும், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். படத்துக்கு நீங்களே எடுத்த புகைப்படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் (படங்களைச் சேர்த்துவைக்கும் தளம்) ஏற்றுங்கள். சுவரொட்டியிலிருந்தோ முகநூலிலிருந்தோ எடுத்தது பதிப்புரிமைச் சிக்கலில் போய் முடியும்.

ஆறாம் படி: நீக்கல் அறிவிப்பு வந்தால்

அறிவிப்பை அழிக்காதீர்கள். வேறு பெயரில் கணக்குத் தொடங்கி ஆதரவு சேர்க்காதீர்கள். அது தெரிந்துவிடும், பிறகு உங்கள் நல்ல தொகுப்புகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். பேச்சுப் பக்கத்துக்குப் போய், உங்களிடம் உள்ள மிகச் சிறந்த மூன்று ஆதாரங்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றும் அவரைப் பற்றி எவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். "அந்தக் கட்சிக்காரருக்கு மட்டும் இருக்கிறதே" என்ற வாதம் எடுபடாது. அந்தக் கட்டுரையும் தகுதியற்றதாக இருக்கலாம்.

இந்த வாதம் நம் ஊரோடு முடிவதும் இல்லை. 2020 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அவைக்கு அயோவா மாநிலத்தில் நடந்த தேர்தலில் ஜோனி எர்ன்ஸ்டை எதிர்த்து நின்ற தெரசா கிரீன்ஃபீல்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருக்கலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. எதிரணியில் இருப்பவர் பதவியில் இருப்பதால் அவருக்குக் கட்டுரை இருக்கிறது, சவால் விடுபவருக்கு இல்லை என்பது சமமான களமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிரீன்ஃபீல்டு அந்தத் தேர்தலில் தோற்றார்.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகள் எழுதியவரைத்தான் நாம் எழுத முடியும் என்றால், பத்திரிகைகள் கண்டுகொள்ளாத புளியந்தோப்புக்காரரும் எர்ணாவூர்க்காரரும் இங்கேயும் விடுபட்டுப்போவார்கள். அது உண்மை. அதற்காக விதியைத் தளர்த்தினால் அந்த இடத்தை நிரப்பப்போவது அவர்கள் அல்லர். பணமும் ஆளும் வைத்திருக்கும் வேட்பாளர்கள்தான் முதலில் வருவார்கள். ஆகவே ஆதாரத்தைப் பெருக்கும் வேலையைச் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மூத்த தொழிற்சங்கத் தலைவரைப் பற்றி இதழாளர் யாராவது நேரில் வந்து எழுதட்டும், ஆய்வு மாணவர்கள் எழுதட்டும், பழைய இதழ்களை எண்ணிமப்படுத்துகிறவர்களுக்கு நீங்கள் உதவுங்கள்.

கட்டுரை நீக்கப்பட்டுவிட்டால், அதன் உரையை உங்கள் பயனர்வெளிக்கு (உங்கள் பயனர் பெயரின் கீழ் வரும் பக்கங்கள்) மீட்டுத் தரும்படி நிர்வாகி ஒருவரிடம் கேளுங்கள். அவதூறோ பதிப்புரிமை மீறலோ இல்லாத உரையாக இருந்தால் பெரும்பாலும் தருவார்கள். அதிலுள்ள வாக்கு விவரங்களையும் ஆதாரங்களையும் அன்றைக்கே தொகுதிக் கட்டுரைக்கு மாற்றிவிடுங்கள். வரைவில் புதிய ஆதாரம் சேரும்போதெல்லாம் தேதியோடு குறித்து வையுங்கள், தொகுதிக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.